தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தோட்டத்தோடு வீடு வாங்குகிறவர்களுக்கு: புதர், மரம், வண்டு, காகிதம்

ரிசர்வாயர் ஹில்ஸில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று, என் மனைவி சமையலறைப் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய் அவகாடோ மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வீடுதான்" என்றாள். குடிவந்த பதினான்காம் மாதம் அந்த மரத்தை அடியோடு வெட்டினோம். வெட்டுக்கூலி, கட்டையைத் தூளாக்கிய கூலி, வேலியோரப் புதரை எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 23,400 ராண்ட். அதில் பாதியாவது எனக்கு விவரம் தெரியாததால் போன காசு.

ஊரிலிருந்து வேலைக்கு வந்து, வாடகை கொடுத்துச் சலித்து, இங்கே வீடு தேடுகிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மரத்தைக் கொன்றது எள்ளைவிடச் சிறிய ஒரு கறுப்பு வண்டு. இங்கே எல்லோரும் ஷாட் ஹோல் போரர் என்பார்கள், காகிதங்களில் பி.எஸ்.எச்.பி. என்றிருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பூச்சி. இந்த நாட்டில் 2017-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளை போட்டு உள்ளே போய், தன் வாயோடு கொண்டுவந்த பூஞ்சையை அங்கே பயிர் செய்து, அதைத் தின்று குடும்பம் நடத்துகிறது. அந்தப் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கிறது. மரம் மேலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. பெண் வண்டு பிறந்த துளைக்குள்ளேயே கூடப்பிறந்த ஆணோடு இணைந்துவிட்டுத்தான் வெளியே வரும். ஆகவே ஒரே ஒரு வண்டு பறந்து வந்தாலும் புதுக் குடித்தனம் தொடங்கிவிடும்.

இந்த வண்டுக்கு எல்லா மரமும் ஒன்றல்ல. சிலவற்றில் துளை மட்டும் போடும். சிலவற்றில்தான் குஞ்சு பொரித்துப் பெருகும். பெருகும் பட்டியலில் அவகாடோ, பாக்ஸ் எல்டர், பிளேன், ஓக் எல்லாம் இருக்கின்றன. நாம் யாரும் சந்தேகப்படாத ஒன்றும் இருக்கிறது: ஆமணக்கு.

1. விலை பேசும் முன் கொல்லையில் அரை மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை ஷோ டேயில் பத்துக் குடும்பத்தோடு சுற்றிப் பார்ப்பது எதற்கும் உதவாது. ஒரு வாரநாள் காலையில் தனியாக வர ஏஜென்டிடம் நேரம் கேளுங்கள். டர்பனில் பாதி வீடுகள் சரிவில்தான் இருக்கும்; புல்வெளி முடிகிற இடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். நீங்கள் சரிவில் இறங்கி வேலிவரை போங்கள். நீள்கால்சட்டை, மூடிய செருப்பு. வேலியோரம் உள்ள ஒவ்வொரு புதரையும் போனில் படம் எடுங்கள்: இலை, பூ, காய், தண்டு. பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் ஓரளவு தெரிந்துவிடும்.

நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. இங்கே களை என்று பட்டியல் போட்டிருக்கும் பல செடிகள் நமக்குப் பழக்கமானவை. பழக்கமானவை என்பதாலேயே கண்ணில் உறுத்தாது.

ஆமணக்கைச் சொல்லிவிட்டேன். எங்கள் வேலியோரம் ஆறடிக்கு நின்றது. "நம்ம ஊர்ச் செடி" என்று அதற்குத் தண்ணீர்கூட ஊற்றினேன். உண்ணிச்செடி எல்லாச் சரிவிலும் இருக்கும். பொன்னரளியைச் சிவனுக்குப் பூ வேண்டும் என்று பழைய தமிழ்க் குடும்பங்கள் நட்டு வைத்திருக்கும். வெளிறிய ரோமம் போர்த்திய மாதிரி இலையும் கொத்துக் கொத்தாய்க் காயும் உள்ள ஒரு செடியைப் பார்த்துச் சுண்டைக்காய் என்று ஏமாந்துவிடாதீர்கள். அது பக்வீட். சுண்டைக்குப் பங்காளிதான், ஆனால் பச்சைக்காய் விஷம். இலையின் தூசு மூக்கில் ஏறினால் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். வற்றல் போடுகிறேன் என்று இறங்க வேண்டாம்.

அப்புறம் சிரிங்கா. ஊரிலிருந்து வருகிற எல்லோரும் இதை வேப்பமரம் என்றுதான் முதலில் நினைப்போம். உண்மையில் மலைவேம்பு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்க இதன் தழையைத்தான் ஒடித்துக்கொண்டு போவார். அவருக்கு வேப்பிலை என்றால் இதுதான். இந்த மரத்துக்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. கீழே பாருங்கள்.

2. சட்டத்தின் நான்கு பெட்டிகள்

2004-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ், 2014-ல் வந்து 2020-ல் புதுப்பிக்கப்பட்ட அயல் ஊடுருவல் இனங்களுக்கான விதிகள் செடிகளை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. 1ஏ என்றால் உடனே ஒழிக்க வேண்டும். 1பி என்றால் கட்டுப்படுத்தி அகற்ற வேண்டும். நடவோ விற்கவோ கூடாது. உண்ணிச்செடி, பொன்னரளி, பக்வீட் மூன்றும் 1பி. வகை 2-க்கு அனுமதிச்சீட்டு வேண்டும். ஆமணக்கு இந்த வகை. கொல்லையில் தானாக முளைத்ததற்கு யாரும் அனுமதி வாங்கி வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே அதையும் 1பி போலத்தான் நடத்த வேண்டும். வகை 3 என்றால் இருப்பது இருக்கலாம், புதிதாக நடவோ பரப்பவோ கூடாது. சிரிங்கா நகரத்துக்குள் வகை 3, வெளியே 1பி. ஆன்ட்டியின் மரம் பிழைத்தது இப்படித்தான். ஆனால் வகை 3 செடி ஓடைக்கரையில் நின்றால் 1பி ஆகிவிடும். சரிவின் அடியில் ஓடை இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

சில செடிகளின் வகை மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நம் மாகாணமான குவாசுலு-நட்டால் என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். ஜோகனஸ்பர்க் நண்பர் சொல்வதைக் கேட்டுச் செய்யாதீர்கள்.

விதியை மீறினால் முதல் தடவை அதிகபட்ச அபராதம் 50 லட்சம் ராண்ட் என்று இருக்கிறது. படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் வீட்டுக்கு இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய நாளிலிருந்து முந்தையவர் வளர்த்த புதரும் உங்கள் தலையில்.

3. கையெழுத்துக்கு முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஊடுருவல் செடிகள் பற்றிய எழுத்துமூல அறிவிப்பு. அந்த விதிகளின்படி, சொத்தை விற்பவர் ஒப்பந்தம் முடிவாகும் முன்பே, நிலத்தில் பட்டியலிட்ட செடிகள் இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதற்கு அரசு முத்திரை வைத்த சான்றிதழ் எதுவும் தேவையில்லை, கடிதம் போதும். யாரும் தானாகத் தர மாட்டார்கள். நீங்களே எடுத்த படங்களை இணைத்து, "இவை உங்கள் நிலத்தில் இருக்கின்றனவா?" என்று ஏஜென்ட் வழியாக மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தாலே உங்கள் கையில் ஆதாரம்.

இரண்டாவது, கட்டாய வெளிப்படுத்தல் படிவம். 2022 பிப்ரவரி முதல் ஏஜென்ட் வழியாக விற்கும் எந்த வீட்டுக்கும் விற்பவர் நிரப்பிய இந்தப் படிவம் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். கூரை, மின்சாரம், ஈரம் எல்லாம் அதில் நிரம்பியிருக்கும். மரங்களைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் பொறி: பீட்டில் சர்டிபிகேட். நம் மாகாணத்தில் வீடு கைமாறும்போது இதை வாங்குவது வழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டதும், "வண்டுக்குத்தான் சான்றிதழ் இருக்கிறதே" என்று நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். அது வீட்டின் கூரைச் சட்டங்களையும் மரத் தளத்தையும் அரிக்கும் பூச்சிகளுக்கான சான்றிதழ். வந்தவர் கூரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார், போய்விட்டார். கொல்லையில் உயிரோடு நிற்கும் மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான்காவது, ஆஃபர் டு பர்ச்சேஸில், அதாவது வாங்கும் ஒப்பந்தத்தில், நீங்கள் சேர்க்க வேண்டிய நிபந்தனை. அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் "ஃபுட்ஸ்டூட்ஸ்" (voetstoots) என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல் இருக்கும். இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். ஆகவே மரத்தில் துளை பார்த்துவிட்டால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். இந்த மரம், இந்தப் புதர், விற்பவர் செலவில், பத்திரப் பதிவுக்கு முன், இந்த முறையில் அகற்றப்பட வேண்டும் என்று எழுதுங்கள். அல்லது மூன்று கொட்டேஷன் வாங்கி அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். நான் இரண்டாவதைச் சொல்வேன். விற்றுவிட்டுப் போகிறவர் மலிவாக ஆளைப் பிடித்து, கட்டையைப் பக்கத்துக் காட்டில் தள்ளிவிட்டுப் போவார். அதிலிருந்து வண்டு உங்களிடமே திரும்பி வரும்.

கையெழுத்திலிருந்து பதிவு முடிய எங்களுக்குப் பதினோரு வாரம் ஆனது. இரண்டு மூன்று மாதம் சாதாரணம். அதுவரை மரம் உங்களுடையதல்ல, தொட முடியாது. வண்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

4. மரத்தைப் படிப்பது எப்படி

தண்டிலும் தடித்த கிளைகளிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டத் துளை தேடுங்கள். பால்பாயின்ட் பேனா முனை பாதி நுழையும், அவ்வளவுதான். அவகாடோவில் துளையைச் சுற்றி வெள்ளையாக, சர்க்கரை சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பொருக்கு இருக்கும். நான் அதைப் பறவை எச்சம் என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் கரைந்துபோகும், மறுவாரம் திரும்ப வரும். மற்ற மரங்களில் எண்ணெய் கசிந்த மாதிரி ஈரக்கறை, பிசின், அல்லது மரத்தூள் இழை.

சந்தேகமிருந்தால் துளையைச் சுற்றிப் பட்டையை நகத்தளவு சீவிப் பாருங்கள். அடியில் வெளிர்நிறமாக இருக்க வேண்டிய கட்டை பழுப்பாக, கறுப்பாகக் கறை பிடித்திருந்தால் பூஞ்சை வந்தாயிற்று. சீவிய கத்தியை பிளீச் கலந்த நீரிலோ 70 சதவீத ஆல்கஹாலிலோ துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். நான் ஒரே கத்தியோடு கொல்லை முழுக்கச் சுற்றினேன்.

துளை இருந்தாலே இந்த வண்டு என்று முடிவு கட்டவும் வேண்டாம். உள்ளூரில் துளை போடும் பூச்சிகள் பல உண்டு. ஐந்து ராண்ட் நாணயத்தைத் துளைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தூரத்திலிருந்து மரம் முழுவதும், கிட்டத்தில் துளை, சீவிய இடம் என்று மூன்று படம். ப்ரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஃபாபி ஆய்வு நிறுவனம் இந்த வண்டு பற்றித் தொடர்ந்து வேலை செய்கிறது. அவர்கள் தளத்தில் அடையாளப் படங்களும் மரங்களின் பட்டியலும் இருக்கின்றன. முதலில் அதோடு ஒப்பிடுங்கள். கிளையை ஒடித்துக் காரில் போட்டுக்கொண்டு யாரிடமும் காட்டப் போகாதீர்கள்.

5. வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய அனுமதி

உங்கள் நிலத்தில் நிற்பதாலேயே எந்த மரத்தையும் வெட்டலாம் என்றில்லை. 1998-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியல் உண்டு. மருலா, மில்க்வுட் போன்றவற்றை உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. வீட்டுக்கு முன்னால் நடைபாதை ஓரத்தில் நிற்பது நகராட்சி மரம். துளை பார்த்தால் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருங்கள். இன்னொன்று, டர்பனில் டி-மாஸ் என்று பசுமை வலையம் வரைந்து வைத்திருக்கிறார்கள். தனியார் கொல்லையின் பின்பாதி அதற்குள் விழுவது சகஜம். நகராட்சியின் இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பச்சை விழுந்தால் புதர் வெட்டும் முன் எழுதிக் கேளுங்கள்.

6. ஆள் பிடிப்பது

மூன்று கொட்டேஷன் வாங்கினேன்: 6,500, 11,000, 17,500. மலிவானதை எடுத்தேன். அவர்கள் வெட்டுவார்கள், கட்டையை பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, இரண்டு தெரு தள்ளி ஒரு திருப்பத்தில், பிராய் (இறைச்சி சுடும்) விறகு என்று பை போட்டு விற்றுக்கொண்டிருந்த பையனிடம் என் அவகாடோவின் கிளையைப் பார்த்தேன். வெள்ளைப் பொருக்கு அப்படியே இருந்தது. இருந்த பை அத்தனையும் வாங்கி வண்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தேன். என் மரத்துக்கு நானே இரண்டு முறை காசு கொடுத்தேன். விற்றுப்போன பைகள் எந்தெந்த வீட்டுக்குப் போயினவோ.

ஆகவே கூலியைக் கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மரத்தைத் துண்டு துண்டாக்கும் சிப்பர் இயந்திரம் கொண்டுவருவீர்களா? கட்டை என் நிலத்தை விட்டு வெளியே போகாமல் முடிப்பீர்களா? மருந்து அடிப்பதானால் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பதிவு பெற்றவரா, எண் என்ன? மூன்றாவது கேள்விக்கு இழுத்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஊசி போட்டு மரத்தைக் காப்பாற்றித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். எனக்கும் வந்தார், ஊசிக்கு மட்டும் 3,200 ராண்ட். தண்டு முழுக்கத் துளை விழுந்த மரத்தைத் திருப்பிக் கொண்டுவரும் என்று நிரூபணமான மருந்து இல்லை. ஓரிரு கிளையில் மட்டும் தாக்கம் என்றால் அந்தக் கிளைகளை வெட்டிவிட்டுக் கவனித்துப் பார்க்கலாம்.

7. வெட்டும் நாளும் கட்டையும்

நல்ல வழி, வெட்டிய இடத்திலேயே சிப்பரில் போடுவது. துண்டுகள் இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் உள்ளே வண்டு பிழைத்துக்கொள்ளும். சிப்பர் வாடகை ஒரு நாளைக்கு எனக்கு 2,800 ராண்ட் ஆனது. தூளைக் கொல்லையிலேயே குவித்து மூடி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாவுக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிப்பரில் போகாத அடித்தண்டுக்கு வெயில்தான் மருந்து. கட்டையைச் சிறிதாக அறுத்து, கீழே ஒரு பிளாஸ்டிக், இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் கட்டை, மேலே தடித்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், சுற்றி ஓரங்களை மண்ணில் புதைக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம். நல்ல வெயில் காலத்தில் குறைந்தது ஆறு வாரம். மற்ற மாதங்களில் ஆறு மாதம். நான் ஜூலையில் வெட்டினேன், அதனால் தீபாவளி தாண்டியும் கொல்லையில் அந்தக் கண்ணாடிச் சமாதி கிடந்தது.

குரங்குகளை யாரும் என்னிடம் சொல்லவில்லை. டர்பனில் வெர்வெட் குரங்குகளுக்குப் பளபளப்பாக எது இருந்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளே ஒரு கூட்டம் வந்து ஒரு முனையைக் கிழித்துவிட்டது. மேலே பழைய கோழிவலையை விரித்து நாலு பக்கமும் செங்கல் வைத்த பிறகுதான் விட்டன. தினமும் ஒரு சுற்று சுற்றி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். டேப் கையில் இருக்கட்டும்.

எரித்துவிடலாமே என்று தோன்றும். நகரத்துக்குள் திறந்தவெளியில் எரிக்க அனுமதி வேண்டும். துணி காயப்போட்ட பக்கத்து வீட்டாரே போன் போட்டுவிடுவார்கள். தோட்டக் குப்பை மையத்தில் கொட்டுவதானால் முன்பே போன் செய்து, வண்டு விழுந்த கட்டை என்று சொல்லி, வாங்குவார்களா என்று கேட்டுவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி எடுத்துப் போங்கள்.

அடிமரக் கட்டையை மறந்துவிடாதீர்கள். வேர்க்கட்டை நின்றால் வண்டும் அதில் நிற்கும். இயந்திரத்தால் அரைத்து எடுக்க 1,500 கேட்டார்கள், கொடுத்தேன்.

8. புதரை எடுக்கும் வரிசை

ஆமணக்கு முதலில், காய் வெடிக்கும் முன். என் ஆமணக்குத் தண்டை வெட்டியபோது கணுவுக்குக் கீழே ஏழெட்டுத் துளை, உள்ளே கறுத்த கறை. அதிலிருந்து அவகாடோவுக்கு வந்ததா, அவகாடோவிலிருந்து அதற்குப் போனதா என்று இப்போது சொல்ல முடியாது. தண்டையும் மரக்கட்டை மாதிரியே பிளாஸ்டிக்குக்குள் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். விதைகளைக் கையுறையோடு பொறுக்கித் தனிப் பையில் கட்டுங்கள். ஒன்றிரண்டு விதையை மென்றாலே குழந்தைக்கு ஆபத்து.

உண்ணிச்செடியை ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தால் மூன்று மாதத்தில் இரட்டிப்பாகத் தழைக்கும். வெட்டிய சில நிமிடங்களுக்குள் வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவ வேண்டும். பொன்னரளியின் பாலும் விஷம்தான். கண்ணில் படாமல் பாருங்கள். சரிவான இடத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் அக்டோபர் மழையில் மண் சரிந்து கீழ் வீட்டுச் சுவரில் போய் நிற்கும். பட்டை பட்டையாக, மேலிருந்து கீழே, உலர்ந்த மாதங்களில் எடுங்கள்.

9. அடுத்த ஒரு வருடம்

மாதம் ஒரு முறை, முதல் ஞாயிறு என்று வைத்துக்கொண்டேன், காபி டம்ளரோடு மற்ற மரங்களின் அடித்தண்டைப் பார்க்கிறேன். வண்டு வராவிட்டாலும் ஆமணக்கு திரும்பத் திரும்ப முளைக்கும். மண்ணில் கிடந்த விதை மழைக்கு ஒருமுறை எழும்புகிறது. கையளவு இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

வெட்டிய குழியில் மறுபடி அவகாடோ வைக்க மனைவி கேட்டாள். இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் இப்போது ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது, ஆன்ட்டி கொடுத்தது. வாங்கும்போது தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு அவர் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.